பழைய மரச்சாமான் கோளாறுகள்: எங்கே தொட்டுப் பார்ப்பது, எப்போது ஆசாரியைக் கூப்பிடுவது

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு பழைய நாற்காலியோ மேசையோ பேரம் பேசி வாங்கி, வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்ததும் எல்லோரும் முதலில் செய்வது உப்புத்தாளை எடுத்துப் பரபரவென்று தேய்ப்பதுதான். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சாமானுக்கு என்ன கோளாறு என்று தெரியாமல் தேய்த்தால் நூறு வருடம் ஏறிய நிறம் ஒரே மாலையில் போய்விடும், ஆட்டம் அப்படியே இருக்கும். பள்ளத்தூரிலும் தேவகோட்டையிலும் இருக்கும் உறவுக்காரர்கள் வீட்டுச் சாமான்களைச் சாயங்கால நேரத்தில் சரிசெய்து கொடுக்கப் போய், ஒரே ஏழெட்டுக் கோளாறுதான் திரும்பத் திரும்ப வருகிறது என்று புரிந்துகொண்டேன். அவற்றைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். உங்கள் சாமானில் தெரிகிற அறிகுறியைத் தேடி நேராக அங்கே போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில் வரும், செலவு வைப்பது கடைசியில்.

கையில் வேண்டியவை: ஒரு டார்ச், அளவு நாடா, தட்டை முனை ஸ்குரூ டிரைவர், பழைய வேட்டித் துணி, மெழுகுவத்தி, ஃபெவிகால், 120, 180, 220 நம்பர் உப்புத்தாள், கொஞ்சம் ஸ்பிரிட், கொஞ்சம் டர்பன்டைன். அப்புறம் பருத்திக் கயிறு பத்து முழம். கிளாம்ப் வாங்கக் காசில்லாதவர்களுக்குக் கயிறுதான் கிளாம்ப்.

வேலையை எங்கே செய்கிறீர்கள் என்பதும் முக்கியம். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் வைத்துச் செய்யாதீர்கள். அது சிமென்ட் கல். ஆசிட் ஒரு சொட்டு விழுந்தாலும் அந்த இடம் அரித்து மங்கிப்போகும், அதைச் சரிசெய்ய வழியே கிடையாது. கொல்லைப்புறத்தில், சாக்கை விரித்துச் செய்யுங்கள்.

உட்கார்ந்தால் ஆடுகிறது

*தரையா, நாற்காலியா?*

ஆடுகிற இடத்திலேயே நாற்காலியைக் கால்வட்டம் திருப்பி வையுங்கள். இப்போதும் அதே கால்தான் தூக்குகிறது என்றால் கோளாறு நாற்காலியில். வேறு கால் தூக்கினால் தரை மட்டமில்லை. பழைய வளவு வீடுகளில் தரை அங்கங்கே இறங்கியிருக்கும், அதற்காக நல்ல நாற்காலியின் காலை அறுத்துவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். மூன்று காலை அறுத்துக் குட்டைக் காலோடு சமமாக்கலாம் என்ற எண்ணமே வேண்டாம், அறுக்க அறுக்க வேறொரு கால் ஆடும்.

*ஒரு கால் மட்டும் குட்டை*

காலின் அடியைத் திருப்பிப் பாருங்கள். தினமும் தரையைத் தண்ணீர் விட்டுத் துடைக்கிற வீடுகளில் கால்நுனி ஈரத்தை உறிஞ்சி உறிஞ்சி மெத்தென்று ஆகி மழுங்கியிருக்கும். நகத்தால் அழுத்தினால் பதிகிறதா? பதியவில்லை என்றால் பழைய செருப்புத் தோலில் ஒரு வட்டம் வெட்டி ஒட்டினால் போதும். பதிகிறது என்றால் மெத்தென்ற பகுதியைச் சுரண்டி எடுத்துவிட்டு, நன்றாகக் காயவைத்து, தண்ணீர் கலந்து நீர்க்கவைத்த ஃபெவிகாலை நுனியில் ஊறவிட்டு, மறுநாள் தோலை ஒட்டுங்கள். ஒரு அங்குலத்துக்கு மேல் மெத்தென்று இருந்தால் அது ஆசாரி வேலை. அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட்டு அதே மரத்தில் ஒட்டுப்போட வேண்டும்.

*நான்கு காலும் தரையில் நிற்கிறது, ஆனாலும் அசைகிறது*

இதுதான் அதிகம் வருவது. கழுந்து, அதாவது துளைக்குள் இறங்குகிற கட்டையின் முனை, தளர்ந்திருக்கிறது. நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு ஒவ்வொரு மூட்டாகப் பிடித்து அசைத்தால் எது வாய் திறக்கிறது என்று தெரிந்துவிடும். அந்த மூட்டில் சுண்ணாம்பால் ஒரு குறி போடுங்கள்.

யாராவது முன்பே ஆணி அடித்திருக்கிறார்களா என்று பாருங்கள். மூட்டில் ஆணி அடித்தால் இரண்டு மாதம் நிற்கும், அதற்குள் கழுந்து பிளந்திருக்கும். ஆணி இருந்தால் முதலில் அதை எடுக்க வேண்டும். ஆணி இல்லை, வெறும் தளர்ச்சிதான் என்றால் மூட்டைப் பிரிக்கலாம். பழைய சாமானில் பெரும்பாலும் மாட்டுத் தோல், எலும்பைக் காய்ச்சி எடுத்த வச்சிரப் பசைதான், அது வெந்நீருக்கு இளகும். ஒரு துணியை வெந்நீரில் நனைத்து மூட்டைச் சுற்றிக் கட்டி அரைமணி நேரம் விட்டு, கட்டை வைத்துக் கொட்டாப்புளியால் (மரச் சுத்தியலால்) மெதுவாகத் தட்டுங்கள். இரும்புச் சுத்தியலால் அடிக்காதீர்கள்.

பிரிந்ததும் எல்லோரும் அவசரப்படுகிற இடம் ஒன்று இருக்கிறது. பழைய பசையின் மேலேயே ஃபெவிகாலைத் தடவுவார்கள். பிடிக்காது. மரம் தெரிகிற வரை கழுந்திலும் துளையிலும் பழைய பசையைச் சுரண்டி எடுக்க வேண்டும். கழுந்து துளையில் லொடலொடவென்று இருந்தால் மெல்லிய தேக்குச் சீவலைக் கழுந்தின் மேல் ஒட்டி, காய்ந்த பின் அளவாகத் தேய்த்து இறுக்கம் வரவைக்கலாம். அப்புறம் பசை தடவி, கால்களைச் சுற்றி இரட்டைக் கயிறு கட்டி, நடுவில் ஒரு குச்சியைச் செருகி முறுக்குங்கள். முறுக்கிய உடனே நாடாவால் மூலைக்கு மூலை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள், இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் சதுரமாக நிற்கிறது என்று அர்த்தம். ஒரு நாள் முழுக்க அப்படியே விடுங்கள். நான் முதலில் சரிசெய்த சாப்பாட்டு நாற்காலியில் இந்த மூலையளவைப் பார்க்காமல் விட்டுவிட்டேன், கோணலாகவே காய்ந்துவிட்டது, மறுபடி வெந்நீர், மறுபடி சுரண்டல். இரண்டு நாள் வேலை.

*ஆசாரியிடம் போக வேண்டியது*

கழுந்து உள்ளேயே ஒடிந்திருந்தால், கால் நீளவாக்கில் பிளந்திருந்தால், வளைந்த கைப்பிடி நடுவில் முறிந்திருந்தால். வீட்டில் ஒட்டினால் ஒட்டும்தான். ஆனால் பெரியவர் ஒருவர் கையூன்றி எழும்போது விடும்.

டிராயர் சிக்குகிறது

எந்த மாதம் என்று பாருங்கள், முதல் சோதனை அதுதான். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை ஈரத்தை மரம் குடித்து உப்பியிருக்கும். அந்த நேரத்தில் இழைப்புளியை எடுத்தால் சித்திரையில் டிராயர் தொளதொளவென்று ஆடும். தை வரை பொறுங்கள். வெயில் வந்ததும் தானாக ஓடினால் ஒன்றுமே செய்ய வேண்டாம்.

கோடையிலும் சிக்கினால் டிராயரை முழுதாக வெளியே எடுத்து, அதன் பின்னால் ஏதாவது விழுந்து கிடக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பழைய கணக்குப்பிள்ளை மேசை ஒன்றில் சுருண்டு கிடந்த ஒரு காகிதக் கட்டுதான் கோளாறு, வேறெதுவும் இல்லை. அங்கே ஒன்றும் இல்லை என்றால் டிராயரின் அடி விளிம்பிலும் அது ஓடுகிற சட்டத்திலும் மெழுகுவத்தியை அழுத்தித் தேய்த்து நாலு தடவை இழுத்துத் தள்ளுங்கள். எண்ணெய் விடாதீர்கள், மேலே தூசி ஒட்டும்.

இன்னும் சிக்கினால், பளபளவென்று உரசிய தடம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். தடம் பக்கவாட்டில் இருந்தால் அந்த இடத்தை மட்டும் 120 நம்பர் உப்புத்தாளை ஒரு கட்டையில் சுற்றித் தேய்க்கலாம். அடியில் சட்டம் பள்ளம் விழுந்து தேய்ந்திருந்தால் டிராயர் தலை குனிந்து ஓடும், அங்கே ஒரு மெல்லிய தேக்குப் பட்டையை ஒட்டினால் சரியாகிவிடும். எல்லா டிராயரும் ஒரே பக்கம் சிக்குகிறது என்றால் கோளாறு டிராயரில் இல்லை, மேசைக் கூடே கோணியிருக்கிறது. மூலைக்கு மூலை அளந்து பார்த்தால் தெரியும். கூட்டைப் பிரித்துச் சேர்ப்பதற்கு இரண்டு ஆள், நிறைய கிளாம்ப், அனுபவம் மூன்றும் வேண்டும், ஆசாரியைக் கூப்பிடுங்கள்.

பூட்டியிருக்கிறது, சாவி இல்லை என்றால் நெம்பாதீர்கள். பழைய பித்தளைப் பூட்டுக்குச் சாவி செய்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், பூட்டைக் கழற்ற முடிந்தால் கையிலேயே கொண்டுபோய்க் கொடுக்கலாம்.

அடியில் தூள் கொட்டுகிறது

பயப்படுவதற்கு முன்னால் தூளைத் துடைத்துவிட்டு, சாமானைத் திண்ணையில் செங்கல் மேல் தூக்கி வைத்து, அடியில் கறுப்புக் காகிதம் விரித்து 15 நாள் விடுங்கள். வண்டியில் வந்த குலுக்கலில் பழைய தூள் உதிர்வது சகஜம். காகிதத்தில் புதிதாக ஒன்றும் இல்லை என்றால் பூச்சி போய்ப் பல வருடம் ஆகியிருக்கலாம். அதுவரை வீட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள், இதில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

*குண்டூசித் தலை அளவு வட்டத் துளைகள், மாவு போன்ற தூள்*

இது உளுவண்டு. தேக்கின் வைரப் பகுதியில், அதாவது கெட்டியான நடுப்பகுதியில், அநேகமாக விழாது. வெளிறிய வெள்ளைப் பகுதியிலும், பின்பலகையாகப் போட்ட மட்டமான நாட்டு மரத்திலும்தான் விழும். அதனால் ‘பர்மா தேக்கு, பூச்சியே வராது’ என்று சொல்லிக் கொடுத்த சாமானில் தூள் கொட்டினால் முதலில் பின்பலகையைத் தட்டிப் பாருங்கள். அந்தப் பலகையை மட்டும் மாற்றினாலே பல நேரம் தீர்ந்துவிடும்.

துளைகள் சட்டத்திலேயே இருந்தால், மரப்பூச்சி மருந்தை ஊசிபோடும் சிரிஞ்சால் ஒவ்வொரு துளையிலும் ஏற்றி, மெழுகால் அடைக்க வேண்டும். கையுறை, முகமூடி, வெட்டவெளி மூன்றும் கட்டாயம். டப்பாவில் எழுதியிருக்கிற அளவுக்கு மேல் போகாதீர்கள். அரிசி, பருப்பு வைக்கிற பெட்டிக்கும் குழந்தை படுக்கிற கட்டிலுக்கும் இந்த வைத்தியம் வேண்டவே வேண்டாம். வெளியே பாலிஷ் போட்டு அடியிலும் பின்னாலும் பச்சையாக விட்டுவிடுகிறோம் இல்லையா, உளுவண்டு முட்டையிடுவது அந்தப் பூச்சில்லாத மரத்தில்தான். மருந்து காய்ந்த பின் அங்கேயும் ஒரு கை பாலிஷ் அடித்துவிடுங்கள்.

*மண் கோடு, உள்ளே கூடு*

இது கரையான். மண்ணை உதிர்த்துவிட்டுக் கத்தி நுனியால் குத்திப் பாருங்கள். மேலோடு மட்டும் போயிருந்தால் சுரண்டி, மருந்தடித்து, காயவைத்து வைத்துக்கொள்ளலாம். பாரம் தாங்கும் பாகத்தில் கத்தி தடையில்லாமல் இறங்கினால் அந்தச் சாமானைக் கைவிட்டுவிடுங்கள். ஏற்கெனவே வீட்டுக்குள் வைத்த பின் சுவரிலோ நிலைக்காலிலோ மண் கோடு தெரிந்தால் சாமானை மறந்துவிட்டு அன்றே கரையான் மருந்தடிக்கிற ஆளைக் கூப்பிடுங்கள். அந்தச் செலவைத் தள்ளிப்போடக் கூடாது.

மேலே கறுத்துப் பிசுபிசுவென்று இருக்கிறது

*முதலில் அழுக்கா என்று பாருங்கள்*

சோப்புத் தண்ணீரில் நனைத்து ஒட்டப் பிழிந்த துணியால் ஒரு சின்ன இடத்தைத் துடையுங்கள். காய்ந்ததும் அதே இடத்தை டர்பன்டைன் தொட்ட துணியால் துடையுங்கள். விளக்குப் புகை, தலைக்குத் தேய்த்த எண்ணெய், வருடக்கணக்கில் பூசிய மெழுகு எல்லாம் துணியில் காப்பிக் கலரில் வரும். எங்கள் அப்பத்தாவின் ஈஸி சேரைக் கறுப்புச் சாயம் பூசியது என்றே வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தோம். மூன்று தடவை துடைத்ததும் உள்ளே தேன் நிறத் தேக்கு. உப்புத்தாள் படவே இல்லை.

*அழுக்கு போயும் பிசுபிசுப்பு போகவில்லை*

இப்போது பூச்சு என்ன என்று தெரிய வேண்டும். மறைவான இடத்தில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சை ஒரு நிமிடம் வையுங்கள். இளகிப் பஞ்சில் ஒட்டினால் அவலரக்கு (ஷெல்லாக்) பாலிஷ், நல்ல செய்தி. இளகவில்லை என்றால் தின்னர் தொட்டுப் பாருங்கள், அதற்கு இளகினால் லேக்கர். இரண்டுக்கும் அசையவில்லை என்றால் பின்னாளில் யாரோ பூசிய வார்னிஷ்.

அவலரக்கு என்றால் சுரண்டவே வேண்டாம். பிரஷ்ஷில் ஸ்பிரிட் எடுத்து மரத்தின் ரேகைப் போக்கில் தடவினால் பழைய பூச்சே இளகிப் பரவி வெடிப்புகளை மூடிக்கொள்ளும். காய்ந்த பின் 220 நம்பர் தாளால் சும்மா வருடிவிட்டு, மேலே இரண்டு மூன்று கை புதுப் பாலிஷ். 100 கிராம் அவலரக்கை அரை லிட்டர் ஸ்பிரிட்டில் கண்ணாடி பாட்டிலில் போட்டு ராத்திரி ஊறவிட்டு, வேட்டித் துணியில் வடிகட்டினால் பாலிஷ் தயார். தகர டப்பா வேண்டாம், இரும்பு பட்டால் அரக்கு கறுக்கும். மழை மூட்டமான நாளில் பூசினால் பால் மாதிரி வெளுக்கும், வெயில் நாளாகப் பாருங்கள். ஸ்பிரிட் சட்டென்று தீப்பிடிக்கும், பூஜை விளக்கு, அடுப்புப் பக்கம் கூடாது. ஆளி எண்ணெய் பூசுகிறவர்கள் அந்தத் துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், குவியலாகக் கிடந்தால் தானே சூடேறிப் பற்றிக்கொள்ளும். கொடியில் விரித்துக் காயப்போட்டுவிட்டு எறியுங்கள்.

*பெயிண்ட் அடித்திருக்கிறது*

பழைய எனாமல் பெயிண்டில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயிண்டில் ஈயத்தை 90 பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்தில் 90 பங்குக்குள்) வைக்க வேண்டும் என்ற விதி 2016-இல் வந்து, 2017 நவம்பரிலிருந்துதான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னால் அடித்தது என்றால் உலர் உப்புத்தாளால் தேய்க்காதீர்கள், அந்தத் தூசி குழந்தைகளுக்கு விஷம். பெயிண்ட் ரிமூவர் தடவி, ஊறிய பின் மழுங்கலான தகட்டால் வழித்தெடுங்கள், மிச்சத்தை ஈரத்தோடு தேயுங்கள். சுரண்டியதைக் காகிதத்தில் மடித்துக் கட்டி அப்புறப்படுத்துங்கள், தோட்டத்து மண்ணில் கொட்டாதீர்கள். இதில் நெருப்பு, ஹீட் கன் எதுவும் வேண்டாம். பூ வேலைப்பாடு செதுக்கிய சாமான் என்றால் பாலிஷ் ஆளிடமே கொடுத்துவிடுங்கள், இடுக்கில் தகடு பட்டால் வேலைப்பாடு மழுங்கிவிடும்.

*வளையம் விழுந்திருக்கிறது*

வெள்ளை வளையம் என்றால் ஈரம் பூச்சில்தான் இருக்கிறது, மரத்துக்குப் போகவில்லை. தேங்காய் எண்ணெய் தொட்டுத் துணியால் தேய்த்து ராத்திரி விடுங்கள். போகவில்லை என்றால் ஸ்பிரிட்டில் தொட்டு நன்றாகப் பிழிந்த துணியால் ஒரே ஒரு வீச்சு, நிறுத்தித் தேய்க்கக் கூடாது.

கறுப்பு வளையம் என்றால் தண்ணீரும் இரும்பும் சேர்ந்து மரத்துக்குள்ளேயே இறங்கிவிட்டது. அந்த இடத்துப் பூச்சை எடுத்துவிட்டு, ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு ஸ்பூன் ஆக்ஸாலிக் ஆசிட் கரைத்து பிளாஸ்டிக் பிரஷ்ஷால் தடவ வேண்டும். விஷம், கையுறை இல்லாமல் தொடாதீர்கள், பாத்திரத்தைச் சமையலறைப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். கறை வெளுத்ததும் இரண்டு மூன்று தடவை தண்ணீரால் நன்றாகக் கழுவித் துடைத்துக் காயவிடுங்கள். கழுவாமல் உப்புத்தாள் போட்டால் அந்தத் தூள் மூக்குக்குள் போகும். தரையைப் பற்றி முதலில் சொன்னதை இங்கே மறக்க வேண்டாம்.

அலமாரிக் கதவு மூடவில்லை

அலமாரியின் முன்கால் ஒன்றுக்கு அடியில் மடித்த அட்டையைச் செருகிப் பாருங்கள். தரை சரிவால் கதவு இறங்கியிருந்தால் அப்போதே மூடிவிடும். இல்லையென்றால் மேல் கீலின் ஸ்குரூ சுற்றிக்கொண்டே இருக்கிறதா பாருங்கள். துளை பெரிதாகியிருந்தால் மூங்கில் குச்சியைச் சீவி ஃபெவிகால் தடவித் துளையில் இறுக்கி, மறுநாள் அதே பழைய பித்தளை ஸ்குரூவையே திருகுங்கள். பெரிய இரும்பு ஸ்குரூ வேண்டாம், மரம் பிளக்கும், துருவும் பிடிக்கும். கதவுச் சட்டமே முறுக்கிக்கொண்டிருந்தால் ஆசாரிதான்.

உள்ளே மக்கல் வாடை அடித்தால் கதவைத் திறந்து வைத்து இரண்டு நாள் வெயில், அப்புறம் உள்பக்கம் ஒரு கை அவலரக்குப் பாலிஷ். கர்ப்பூரம் வைப்பது வாடையை மறைக்கும், போக்காது.

பிரம்புப் பின்னல் தொய்ந்திருக்கிறது

இழை அறவில்லை, தொய்வு மட்டும்தான் என்றால் நாற்காலியைக் கவிழ்த்து, பின்னலின் அடிப்பக்கத்தில் வெந்நீர்த் துணியைப் பரப்பி அரைமணி நேரம் ஊறவிட்டு, நிழலில் காயவிடுங்கள். காயக் காயப் பிரம்பு இழுத்துக்கொண்டு விறைக்கும். ஒரு நாள் யாரும் உட்காரக் கூடாது. செலவு ஒரு பைசா இல்லை.

நாலைந்து இழை அறுந்துவிட்டது என்றால் ஒட்டுப்போட்டு ஆகாது, முழுதாகப் பின்ன வேண்டும். கையில் காசு குறைவு என்றால் நைலான் வயர் பின்னல் மலிவு, பல வருடம் வரும், ஆனால் மெல்லிய இருக்கைச் சட்டத்தில் வயரை முரட்டுத்தனமாக இழுத்தால் துளைக்குத் துளை விரிசல் ஓடும். எதைச் செய்தாலும் பிரம்பை வெட்டிவிட்டு பிளைவுட் பலகையை ஆணியடித்து மூடாதீர்கள். துளை வரிசை பிளந்துவிட்டால் பிறகு பின்னவே முடியாது. சட்டத்தின் தளர்ச்சியை நீங்கள் முதலில் சரிசெய்து, பாலிஷும் போட்டு, கடைசியாகப் பின்னுகிறவரிடம் கொடுங்கள். கூலி பின்னலுக்கு மட்டும்தான் ஆகும்.

ஊஞ்சல் கிறீச்சிடுகிறது

பலகையில் வருகிற கோளாறுகளை மேலே சொன்னபடியே பார்த்துக்கொள்ளலாம். சத்தம் மட்டும் என்றால் கொக்கி வளையத்தில் கொஞ்சம் கிரீஸ் தடவினால் நிற்கும். ஆனால் ஏணி போட்டு ஏறித் துணியால் துடைத்து, வளையமும் கொக்கியும் உரசும் இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் தேய்ந்து மெலிந்திருந்தால் அன்றிலிருந்து யாரையும் உட்கார விடாதீர்கள், சங்கிலியைக் கழற்றி வைத்துவிடுங்கள். கொக்கி இறங்கியிருக்கிற உத்தரத்தில் விரிசலோ, உளுத் துளையோ, ஈரக்கறையோ தெரிந்தால் அதை நாம் தொடக் கூடாது. பழைய வீட்டு மரக்கட்டு தெரிந்த ஆசாரி ஒருவர் நேரில் வந்து, ஏறித் தட்டிப் பார்த்து, சரி என்று சொன்ன பிறகு சங்கிலியை மாட்டுங்கள்.